ஒரு லயத்தின் கணக்கு: தோட்டப் பட்டணத்தில் ஏற்றத்தாழ்வை அளப்பது எப்படி, குறைப்பது எப்படி

ஒரு நோட்டுப் புத்தகம், கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர், வீட்டுக்கு அரை மணி நேரம். நாட்டின் பொருளாதார ஏற்றத்தாழ்வு உங்கள் தெருவில் எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்க்க இவ்வளவு போதும். கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மாதர் குழு என்று யார் வேண்டுமானாலும் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து செய்யலாம். சுங்கை சிப்புட், கோலசிலாங்கூர், குளுவாங் என மலேசியாவின் எந்தப் பக்கத்துத் தோட்டப் பட்டணத்துக்கும் இது பொருந்தும். பாதிக் குடும்பங்கள் இன்னும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில்; மீதி மலிவு விலை வீட்டில். ரப்பர்ப் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட ஊர்களில் சம்பளம் குறைவு என்பது பாதிக் கதைதான். சட்டப்படி வரவேண்டிய ஓவர்டைம், சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி), வேலைநீக்க இழப்பீடு, உதவித்தொகை ஆகியவை வந்து சேராமல் போவது மறு பாதி. சம்பளத்தை உயர்த்தப் பல வருடம் போராட வேண்டும். வராத பணத்தைக் கேட்டு வாங்க இந்த மாதமே தொடங்கலாம்.

நாட்டுக் கணக்கைப் படிக்கும் முறை

புள்ளிவிவர இலாகாவின் 2022ஆம் ஆண்டு குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி (ரிங்கிட்), நடுநிலை வருமானம் 6,338 வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் 2,000 வெள்ளிக்கு மேல் வித்தியாசம் ஏன்? எல்லா வீட்டு வருமானத்தையும் கூட்டி வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. மேலே உள்ள சில வீடுகளின் பெரும் வருமானம் அதை இழுத்து உயர்த்திவிடும். எல்லா வீடுகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தி, சரி நடுவில் நிற்கும் வீட்டைப் பார்த்தால் நடுநிலை. ஒருவர் 'சராசரி உயர்ந்திருக்கிறது' என்று மேடையில் சொன்னால், 'நடுநிலை எவ்வளவு?' என்று கேளுங்கள்.

அதே கணக்கெடுப்பில் 5,250 வெள்ளிக்குக் கீழ் உள்ள வீடுகள் பி40. கீழே உள்ள இந்த 40 விழுக்காட்டு வீடுகளுக்கு நாட்டின் குடும்ப வருமானத்தில் கிடைப்பது 16.1 விழுக்காடு. மேலே உள்ள 20 விழுக்காட்டு வீடுகளுக்கு, அதாவது டி20க்கு, 46.3 விழுக்காடு. ஜினி குணகம் என்பது இந்த முழு இடைவெளியையும் ஒரே எண்ணில் சொல்வது. எல்லாருக்கும் சமம் என்றால் 0. ஒரே வீட்டுக்கு எல்லாம் என்றால் 1. மலேசியாவில் 1970இல் 0.513 ஆக இருந்தது 2022இல் 0.404 ஆனது. ஐம்பது வருடத்தில் குறைந்தது உண்மை. ஆனாலும் இடைவெளி இன்னும் பெரியதுதான்.

வறுமைக் கோட்டைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பழைய கோடு 980 வெள்ளி. அதன்படி 2016இல் ஏழைக் குடும்பங்கள் 0.4 விழுக்காடுதான். 2020இல் கணக்கிடும் முறையை மாற்றி, 2019க்கான கோட்டை 2,208 வெள்ளி ஆக்கியதும் அது 5.6 விழுக்காடு ஆனது. யாரும் ஒரே இரவில் ஏழையாகிவிடவில்லை; முன்பு கண்ணில் படாமல் இருந்தவர்கள் கணக்குக்குள் வந்தார்கள். 2022இல் கோடு 2,589 வெள்ளி. இது சராசரிக் கோடு. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, எந்த இடம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் இது மாறும். எட்டுப் பேர் உள்ள வீட்டில் 3,000 வெள்ளி வருகிறது என்பதால் அந்த வீடு கோட்டுக்கு மேலே என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் தெருவை அளப்பது

20 முதல் 30 வீடுகள் போதும். பக்கத்தில் உள்ள வீடு, தெரிந்த வீடு என்று பொறுக்காமல் ஒரு லயத்தை முழுதாக எடுங்கள், அல்லது ஒவ்வொரு மூன்றாவது வீட்டையும் எடுங்கள். பூட்டிய வீட்டை விட்டுவிடாமல் மறுநாள் மாலை திரும்பப் போங்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் இருவரும் வேலைக்குப் போகும் வீடு. அவர்களை விட்டால் உங்கள் கணக்கு ஊரின் உண்மையான நிலையைவிட ஏழ்மையாகத் தெரியும்.

நோட்டில் வீட்டின் பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். வாசலில் நின்று அண்டை வீட்டார் கேட்க வருமானம் விசாரித்தால் பொய்தான் வரும். உள்ளே உட்கார்ந்து, வீட்டை நடத்தும் அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவைவிட அவருக்குத்தான் கணக்கு தெரியும். 'மாத வருமானம் எவ்வளவு?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் சம்பளத்தை மட்டும் சொல்வார்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: தோட்டச் சம்பளம், ஓவர்டைம், மகன் அனுப்பும் பணம், இரவுச் சந்தையில் பலகாரம் விற்பது, ஆடு மாடு, வாடகை, அரசாங்க உதவி.

சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் வருவதையும், பிடித்தத்துக்கு முந்திய தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் எந்தக் கணக்கும் சேராது. ஒரே ஒரு மாதத்தைக் கேட்பதும் தவறு. ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறையும். மழைக் காலத்தில் வெட்டு நாளே குறையும். செம்பனையிலும் குலை கூடும் மாதம், குறையும் மாதம் உண்டு. கடைசி மூன்று மாதத்தைக் கூட்டி மூன்றால் வகுங்கள்.

எல்லா வீட்டையும் எழுதி முடித்ததும் வருமானத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். பத்து வீடுகளை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறோம். வருமானங்கள் 1,700, 2,000, 2,400, 2,900, 3,400, 3,900, 4,700, 5,800, 8,200, 15,000. கூட்டினால் 50,000 வெள்ளி. சராசரி 5,000. நடுவில் உள்ள இரண்டு வீடுகளின் சராசரியே நடுநிலை, அதாவது 3,650. கீழ் நான்கு வீடுகளுக்குச் சேர்த்து 9,000, அதாவது 18 விழுக்காடு. மேல் இரண்டு வீடுகளுக்கு 23,200, அதாவது 46.4 விழுக்காடு.

ஜினியையும் நீங்களே போடலாம். முதல் வீட்டு வருமானத்தை 1ஆல், இரண்டாவதை 2ஆல் என்று, பத்தாவதை 10ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். இங்கே 3,68,000 வரும். அதை இரட்டிப்பாக்கினால் 7,36,000. வீடுகளின் எண்ணிக்கையை மொத்த வருமானத்தால் பெருக்கினால் 5,00,000. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.472. இதிலிருந்து, வீடுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதே எண்ணிக்கையால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். அதாவது 11ஐ 10ஆல் வகுத்த 1.1. மிச்சம் 0.372. அடுக்கும் வரிசை தவறினால் விடையே தவறிவிடும். எண் ஒன்றுக்கு மேலோ பூஜ்யத்துக்குக் கீழோ வந்தால் வரிசையைத்தான் முதலில் சரிபாருங்கள்.

இந்த மாதிரியில் 0.372 என்பது நாட்டின் 2022ஆம் ஆண்டு எண்ணான 0.404ஐவிடக் குறைவு. அப்படியானால் தோட்டப் பட்டணத்தில் சமத்துவம் கூடுதலா? இல்லை. லயத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் கஷ்டப்படுகிறார்கள், அவ்வளவுதான். இந்த நிலத்தின் இலாபத்தைப் பெறுகிறவர்கள் இந்த ஊரில் குடியிருக்கவில்லை. ஆகவே அவர்கள் வருமானம் உங்கள் நோட்டில் ஏறாது. அதேபோல் குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் அரசாங்கத்தின் வறுமைக் கணக்கில் இல்லை. அது குடிமக்களுக்கு மட்டும். ஆக, மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையும் அறுந்த கயிறு இது. உங்கள் கணக்கெடுப்பில் அந்தத் தொழிலாளர் விடுதியையும் ஒரு தனிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள முடியும் என்றால், பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் ஏறாது.

வருமானத்துக்கு அடுத்த பத்தியில் சொத்தை எழுதுங்கள். வீடு யார் பெயரில்? சேமநிதியில் எவ்வளவு? அவசரத்துக்கு 1,000 வெள்ளி கையில் உண்டா? கடன் எவ்வளவு, யாரிடம்? ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பத்திதான். லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. 60 வயதில் வேலை முடியும்போது வீடும் போகும். முப்பது வருடம் வாடகையில்லாமல் இருந்ததாகத் தோன்றும். உண்மையில் முப்பது வருடம் ஒரு செங்கல்கூட அவர் பெயரில் சேரவில்லை.

முதலில் பத்திரங்கள்

பிறப்புப் பத்திரமோ மைகார்டோ (குடிமகனின் அடையாள கார்டு) இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். அது இல்லாமல் உதவித்தொகை, வங்கிக் கணக்கு, முறையான வேலை எதுவும் நடக்காது.

தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டிவிட்டால் தாமதப் பதிவு. மருத்துவமனை ஆவணம், தடுப்பூசிப் புத்தகம், பெற்றோரின் அடையாள கார்டு, திருமணச் சான்றிதழ் எல்லாம் தேவைப்படும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படித் திருமணம் ஆகாது. 1982 மார்ச் 1 முதல் பதிவு கட்டாயம். பதியாத தாய் தகப்பனுக்குப் பிறந்த குழந்தை, குடியுரிமையில் தாயைத்தான் தொடரும். தாய்க்கே பத்திரம் இல்லை என்றாலோ, அவர் வெளிநாட்டவர் என்றாலோ, தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. ஆகவே கோயில் நிர்வாகம் ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது: பதிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் திருமணத்துக்கு நாள் குறிப்போம் என்று.

சம்பளச் சீட்டை விரித்துப் பார்ப்பது

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரி 1 முதல் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது பொருந்தும். கிலோவுக்கு இவ்வளவு, குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கும் மாதம் 1,700க்குக் குறையக்கூடாது.

பட்டணத்தில் நிறைய ஆண்கள் பார்க்கும் ஜாகா (காவலாளி) வேலையை எடுத்துக்கொள்வோம். 12 மணி நேர ஷிப்ட், மாதம் 26 நாள், கையில் 2,200 வெள்ளி. 'நல்ல சம்பளம்தானே' என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 1,700ஐ 26ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 65.38. 2023 ஜனவரி முதல் சாதாரண வேலை நேரம் வாரம் 45 மணிதான். ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழரை மணி. மணிக்கு 8.72. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 13.08. 12 மணியில் சாப்பாட்டுக்கு அரை மணி போனால் ஏழரை மணி வேலை, நான்கு மணி ஓவர்டைம். 26 நாளுக்கு 104 மணி. ஒரு மாதத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்சமும் அதுவே. 104ஐ 13.08ஆல் பெருக்கினால் 1,360.32. மொத்தம் 3,060.32 வெள்ளி. சேமநிதிக்கு 187 வெள்ளியும், சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் 20 வெள்ளி சுமாரும் போனால் கையில் ஏறக்குறைய 2,850 வர வேண்டும். வருவது 2,200. மாதம் 650 குறைகிறது. வருடத்துக்கு 7,800 வெள்ளி. எந்த உதவித்தொகையும் இந்த ஓட்டையை அடைக்காது.

குறைப்பது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் மூன்று வழிகளில். 'எல்லாம் சேர்த்து' என்று ஒரு தொகையைப் பேசி ஓவர்டைமை அதற்குள் மறைப்பது. மாதச் சம்பளத்தை 26க்குப் பதில் 30ஆல் வகுப்பது. கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்காமல் சாதாரண விகிதமே போடுவது. பொது விடுமுறையில் வேலை செய்தால் அன்றைய சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் சம்பளம் உண்டு. வருடத்தில் 11 சம்பள விடுமுறை நாட்கள் கட்டாயம். இந்தப் பத்தி பல சீட்டுகளில் காலியாகவே இருக்கும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம் விதி பொதுவாகப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பால் வெட்டுகிறவர் கணக்கு வேறு இடத்தில் குறையும்: தராசில். பால் எடையைக் காய்ந்த ரப்பர் விகிதத்தால் பெருக்கித்தான் கூலி. 20 கிலோ பால், 32 விழுக்காடு என்றால் 6.4 கிலோ. கிராணி (தோட்டக் கணக்கர்) 28 என்று எழுதினால் 5.6 கிலோ. ஒரு நாளில் 0.8 கிலோ காணாமல் போகிறது. 22 வெட்டு நாளில் 17.6 கிலோ. மழைநீர் மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) விழுந்தால் விகிதம் உண்மையாகவே இறங்கும். அதனால் 'இன்று ஏன் குறைவு?' என்று ஒரு நாளை வைத்துச் சண்டை போடாமல், எல்லா வெட்டாளர்களும் ஒரு மாதம் தங்கள் எடையையும் விகிதத்தையும் அன்றன்றே குறித்து வந்து ஒப்பிடுங்கள். ஒருவருக்கு மட்டும் குறைந்தால் மரமோ வெட்டோ காரணம். வெயில் நாளிலும் எல்லாருக்கும் ஒன்றுபோல் குறைந்தால் அளவில் கோளாறு. குலை வெட்டுகிறவர் காம்பில் தன் எண்ணை எழுதிய கையோடு, அன்றைய எண்ணிக்கையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.

சம்பளத்தில் பிடிக்கக்கூடியவை எவை என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. மாதத்தில் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

முறையிடுவது தொழிலாளர் இலாகாவில். பணம் கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வருகைப் பதிவின் படங்கள், மேலே போட்டதுபோல் மாதவாரியாக ஒரு கணக்குத் தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். 'ரொம்ப நாளாக ஏமாற்றுகிறார்கள்' என்று வாயால் சொன்னால் வழக்கு நகராது. 'மார்ச் மாதம் 104 மணி, வர வேண்டியது 1,360.32, வந்தது இவ்வளவு' என்று தாளில் இருந்தால் நகரும். ஆறு வருடத்துக்கு முந்திய பாக்கியைக் கேட்க முடியாது. தனியாகப் போகிறவரை நிர்வாகம் எளிதில் மிரட்டும். நான்கைந்து பேர் சேர்ந்து போங்கள், அல்லது சங்கத்தின் வழியாகப் போங்கள். 1954இல் தொடங்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இன்றும் இருக்கிறது. சங்கத்தில் சேரக்கூடாது என்று வேலை ஒப்பந்தத்தில் எழுத எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

சேமநிதியும் சொக்சோவும்

சம்பளச் சீட்டில் 187 வெள்ளி பிடித்ததாக இருக்கும், கணக்கில் ஏறியிருக்காது. இது நடக்கிற தவறு. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். வருடத்துக்கு 4,896. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஊர் முழுக்க ஏற்படுத்துங்கள். பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் திறந்து காட்டலாம், ஆனால் ரகசிய எண்ணைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டாம். ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கிடையாது. அதனால்தான் சில முதலாளிகள் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து மீதியை ஓவர்டைம் என்று காட்டுகிறார்கள். மாதம் கையில் வருவது அதேதான். 60 வயதில்தான் குறை தெரியும்.

தோசைக் கடை, தையல், லாரி வாடகை என்று சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குச் சேமநிதியின் ஐ-சாரான் திட்டம். சுயமாகக் கட்டும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருடத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி சேர்க்கிறது. முழுதாகப் பெற வருடம் 2,500 கட்ட வேண்டும். வாரம் 50 வெள்ளி கட்டினால் போதும். வீட்டிலிருக்கும் பெண்களுக்கு வருடம் 120 வெள்ளியில் இல்லத்தரசிகள் சொக்சோ உண்டு. விறகு வெட்டும்போது விழுந்து கை உடைந்தால் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வேலையிடத்தில் மட்டுமின்றி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் மோட்டார் சைக்கிள் விபத்துக்கும் சொக்சோ பொறுப்பு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் 'எங்கே விழுந்தீர்கள்?' என்று கேட்கும்போது 'வீட்டருகே' என்று பட்டென்று சொல்லிவிடுவது பின்னால் கோரிக்கையைக் கெடுக்கும். எத்தனை மணிக்கு, எங்கே போகும் வழியில் என்று சரியாகச் சொல்லுங்கள். போலீஸ் புகாரிலும் அதுவே இருக்கட்டும்.

60 என்ற எண்ணை நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். பிறப்புப் பதிவுக்கு 60 நாள். வேலை போனால் சொக்சோவின் வேலைக் காப்புறுதிப் பணத்துக்கு விண்ணப்பிக்க 60 நாள். காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிட 60 நாள். 61ஆம் நாள் போகிறவருக்கு எவ்வளவு நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்.

தோட்டம் கைமாறும்போது

ஒரு குடும்பத்தின் நிலை ஒரே நாளில் தலைகீழாவது இங்கேதான். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கிறார்கள் என்ற செய்தி வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன்' என்ற ஒரு வரிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் இழப்பீடு போயிற்று.

1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவைக்கு வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 15 நாள், ஐந்து வருடத்துக்கு மேல் 20 நாள். 22 வருடம் வேலை செய்தவருக்கு 440 நாள் சம்பளம். நாள் சம்பளம் 70 வெள்ளி என்றால் 30,800. இதற்கு மேல் முன்னறிவிப்புக் காலம் வேறு: ஐந்து வருடம் கடந்தவருக்கு எட்டு வாரம். தோட்டம் புதிய முதலாளியிடம் போனால், அவர் ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைக் கொடுக்க முன்வர வேண்டும். இல்லையென்றால் பழைய முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். குத்தகைக்காரரிடம் ஆள் மாற்றி 'புதிய வேலை' என்று எழுதுவதில் பழைய சேவை வருடங்கள் அழிந்துவிடும். அதனால் பழைய வேலைக் கடிதத்தையும் சேமநிதி அறிக்கையையும் எடுத்து வையுங்கள். எந்த வருடத்திலிருந்து யார் சந்தா கட்டினார்கள் என்று சேமநிதி அறிக்கை காட்டும். தொலைந்த கடிதத்துக்கு இது நல்ல சாட்சி.

வீடு சட்டப்படித் தானாக வராது, பேச்சுவார்த்தையில்தான் வரும். லயம் காலியாகும் முன்பே பேசினால் பேரம் இருக்கும், காலியான பிறகு இல்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டம் வாங்க வைத்தார். கூலிக்காரன் நிலத்துக்குப் பங்குதாரன் ஆகலாம் என்று காட்டிய முயற்சி அது. இன்று ஒரு தோட்டத்தை வாங்க ஒரு பட்டணத்தால் முடியாது. ஆனால் இழப்பீடு கைக்கு வந்த வாரமே மோட்டார் வண்டியிலும் தொலைக்காட்சியிலும் கரையாமல், வீட்டு முன்பணமாக மாறப் பார்த்துக்கொள்ள முடியும்.

உதவித்தொகையும் கடனும்

எஸ்.டி.ஆர் (அரசாங்க ரொக்க உதவி), சாரா (அத்தியாவசியப் பொருள் உதவி), இ-காசே (ஏழைக் குடும்பங்களின் பட்டியல்) பதிவு, சமூக நல இலாகாவின் முதியோர் உதவி ஆகியவற்றை உங்கள் நோட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே 'உண்டு, இல்லை, விண்ணப்பித்த தேதி' என்று எழுதுங்கள். பெரும்பாலும் இல்லாமல் போவதற்குக் காரணம் சின்னது. இறந்துபோன கணவர் பெயரில் குடும்பம் பதிவாகியிருக்கும். வேலைக்குப் போய்த் தனியாகக் குடியிருக்கும் மகன் இன்னும் அதே வீட்டில் இருப்பதாக இருக்கும். வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். திருத்திவிட்டு மறுவிண்ணப்பம் செய்யலாம். இ-காசேயில் பதிய மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். பாட்டிமார்களைத் தனியாக அனுப்பாமல் ஒரு வேன் பிடித்துப் பத்துப் பேராகக் கூட்டிப்போங்கள். 40 வயதைக் கடந்த எஸ்.டி.ஆர் பெறுநர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. நீரிழிவால் கால் போன பிறகு வருமானம் போவதைவிட இது மலிவு.

கடனில், வட்டியை வருடக் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். வாரம் 10 விழுக்காடு என்றால் 1,000 வெள்ளிக்கு வருடத்தில் வட்டி மட்டும் 5,200. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அதே 1,000க்கு 180 வெள்ளி. கடைக்காரர் ஏ.டி.எம் கார்டைப் பிடித்து வைத்திருந்தால் அந்த வீட்டின் உதவித்தொகை அவருக்குத்தான் போகிறது என்று அர்த்தம். முதலில் கார்டை ரத்து செய்து புதியது எடுக்க உதவுங்கள். வங்கிக் கடனில் மாட்டியவர்களுக்கு ஏ.கே.பி.கே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. தொழில் தொடங்க, சிறுதொழில் கடன் தரும் அரசாங்க நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன் இந்தியச் சமூகத்துக்கென்றே இருக்கிறது. கல்யாணச் செலவுக்கு அதை எடுத்துவிட்டுத் திருப்ப முடியாமல் தவிப்பது வேண்டாம்.

ஊரால் மட்டும் முடியாதது

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும் பங்கு மாறும் வேகம் குறைவுதான். மீதி வரியிலும் சட்டத்திலும் இருக்கிறது. மலேசியாவில் வாரிசுச் சொத்து வரி 1991இல் நீக்கப்பட்டது. பங்கு ஈவுத்தொகைக்கு வரி 2025 முதல்தான், அதுவும் 1,00,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு 2 விழுக்காடு. விற்பனை வரி ஏழையிடமும் அதே விகிதத்தில் வசூலாகிறது. குறைந்தபட்சச் சம்பளத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுச் சட்டம். அந்த மறுஆய்வுக்கு முன் உங்கள் நோட்டை எடுத்து, பெயரில்லாமல், ஒரு பக்கச் சுருக்கம் எழுதிச் சங்கத்துக்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுங்கள். 'எங்கள் மக்கள் பின்தங்கியிருக்கிறார்கள்' என்ற மனு எத்தனையோ அலமாரியில் கிடக்கிறது. 'இந்த லயத்தின் 28 வீடுகளில் 11 வீடுகளுக்கு ஓவர்டைம் சரியாக வரவில்லை, 4 வீட்டில் பத்திரமில்லாத பிள்ளை, 60 வயதுக்குப் பிறகு போக வீடுள்ளவர்கள் 6 பேர்' என்பது போல எண்ணோடு எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சாலை விளக்கு, வடிகால் கேட்டால் 'தனியார் நிலம்' என்ற பதில் வரும். தோட்டங்கள் பல பத்தாண்டுகள் கிராம மேம்பாட்டுப் பணத்துக்கு வெளியே நின்றதற்கும் இதுவே காரணம். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள், அடுத்த மனுவோடு இணைக்க.

ஒரு வருடம் கழித்து அதே வீடுகளுக்குப் போங்கள். புது வீடுகளைச் சேர்க்க வேண்டாம். நடுநிலை வருமானம், கீழ் 40 விழுக்காட்டு வீடுகளின் பங்கு, பத்திரமில்லாதவர் எண்ணிக்கை, சேமநிதி தவறாமல் ஏறும் வீடுகள் ஆகிய நான்கையும் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். காலியான வீடு இருந்தால் அடித்துவிடாமல், அவர்கள் எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு எழுதுங்கள். முன்னேறி வெளியே போனவரும், வாடகை கட்ட முடியாமல் போனவரும் ஒரே மாதிரிப் பூட்டைத்தான் தொங்கவிட்டுப் போகிறார்கள்.